வானொலிப் புதிரும் நான் தப்பென்று சொன்ன ஒரு விடையும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி, அதற்குத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டும் என்றிருந்த காலம் அது. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்துவிட்டது. இருந்தாலும் நம் கடற்கரைத் தெருக்களில் அதிகம் ஒலித்தது இலங்கை வானொலிதான். மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கடலைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதனால் கொழும்புக் குரல் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி கேட்டது. பி.எச்.அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டை அந்தக் காலத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டீர்கள். பிற்பாடு அது தொலைக்காட்சிக்கும் வந்தது.

வினாடி வினா என்றால் அன்று போர்ன்விட்டா வினாடி வினாதான். 1972-இல் ஹமீத் சயானி தொடங்கினார். 1975-இல் அவர் மறைந்ததும் தம்பி அமீன் சயானி ஏற்று நடத்தினார். நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது விடுதியில் அதைக் கேட்போம். எல்லாம் ஆங்கிலம். நகரத்துப் பள்ளிகளின் பிள்ளைகள் டக் டக்கென்று பதில் சொல்வார்கள். எங்களுக்குக் கேள்வியே பாதிதான் புரியும். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் இப்படி ஒன்று நடத்த வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்துவிட்டது.

வேலைக்கு வந்த பிறகு, நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் பி.பி.சி.யின் 'ரவுண்ட் பிரிட்டன் குவிஸ்' பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனையும் நியூயார்க்கையும் வானொலி வழியே மோதவிட்ட ஒரு புதிர்ப் போட்டி இருந்தது. அதன் வழியில் 1947-இல் இது பிறந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று வட்டாரத்துக்கு ஓர் அணி. கேள்வி நேராக வராது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு சங்கதிகளைச் சொல்லி, அவற்றைக் கட்டும் கயிறு எது என்று கேட்பார்கள். அணியினர் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடுமாறினால் நடத்துநர் குறிப்புக் கொடுப்பார், அதற்கேற்ப மதிப்பெண் குறையும். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 6 மதிப்பெண்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பாட்டிமார் நினைவு வந்தது. விடுகதை நமக்குப் புதிதா? தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று ஏழு வகை சொல்கிறாரே, அதில் 'பிசி' என்பது இந்த விடுகதைதான். காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் கட்டியவர். வெள்ளைக்காரன் வானொலியில் செய்ததை நாம் திண்ணையில் செய்துகொண்டிருந்தோம்.

1991-இல் எங்கள் பள்ளியில் தொடங்கினேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நான்கு அணிகள்: கடற்கரை, உப்பளம், துறைமுகக் குடியிருப்பு, விடுதியில் தங்கிப் படித்த தேரிக்காட்டுப் பிள்ளைகள். "செக்கு, கப்பல், நம் ஊரில் ஒரு கல்லூரி. மூன்றுக்கும் என்ன தொடர்பு?" என்றதும் நான்கு அணியும் வ.உ.சி. என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

கடைசிக் கேள்வி கடற்கரை அணிக்கு. நானே எழுதியது: "குளிக்கப் போகிறான், அழுக்குப் போக்க அல்ல. மூச்சை அடக்குகிறான், தவம் செய்ய அல்ல. வெள்ளையாய் ஒன்று கொண்டுவந்தால் வீட்டில் அடுப்பு எரியும். அது எது?"

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து "சங்கு சார்" என்றான். என் தாளில் முத்து என்று இருந்தது. "தப்பு" என்றேன். "எங்கப்பா சங்குக்குத்தான சார் போறாவ" என்று மெல்லச் சொன்னான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அவர்கள் முத்து என்றார்கள். கடற்கரை அணி தோற்றது. அவன் அதன்பிறகு வகுப்பில் கை தூக்கி நான் பார்க்கவில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நம் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதற்குப் பிறகு பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இங்கே முத்தை வளர்த்தே எடுத்துக் காட்டிவிட்டது. அந்தப் பையன் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்பே முத்துக்குளிப்பு முடிந்த கதை. சங்கு குளிப்பு நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்களின் கை வளையலுக்கு நம் ஊர்ச் சங்கு போய்க்கொண்டே இருந்தது. அவன் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. என் முத்து பாடப் புத்தகத்து முத்து.

சரி, புத்தகமாவது என் பக்கம் இருந்ததா? ஓய்வு பெற்றபின் அகநானூற்றை நிதானமாகப் படித்தபோது 350-ஆம் பாடலில் நின்றுவிட்டேன். கொற்கைப் பரதவர் வலம்புரிச் சங்குக்காக மூழ்கியதை அதில் சொல்லியிருக்கிறது. இரண்டாயிரம் வருடமாக அவன் விடை அங்கேயே இருந்திருக்கிறது. வாத்தியார்தான் பார்க்கவில்லை.

பி.பி.சி.யிடமிருந்து கேள்வி கேட்கும் முறையை எடுத்துக்கொண்டேன். பிள்ளை எந்த வழியாக விடைக்கு வந்தான் என்று காது கொடுத்துக் கேட்கும் முறையை விட்டுவிட்டேன். "ஏன் தம்பி சங்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ படித்தால் உனக்குத் தெரியும். உன் விடை சரி. முழு 6 மதிப்பெண். அன்றைய கோப்பையும் கடற்கரை அணிக்குத்தான். நான் சிரித்ததற்கு வருந்துகிறேன். உன் அப்பா நலமாக இருந்தால் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், போன் பண்ணு.

உங்களில் ஆசிரியர் ஆனவர்களுக்கு ஒன்று: விடைத்தாளை மூடி வைத்துவிட்டு ஒரு முறை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்