டைம்ஸ் பத்திரிகையின் இரண்டு இரவுகள்

பி.காம் படிக்கிற எங்களுக்கு உழைப்பு என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. மூலப்பொருள், கூலி, மேற்செலவு என்று எழுதிக் கூட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அந்தக் கூலி வரிக்குள் இருக்கிற ஆட்களை ஒரு முதலாளி எப்படி நீக்குகிறார்? இதைத் தெரிந்துகொள்ள லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 172 வருட இடைவெளியில் இரண்டு முறை, அச்சு இயந்திரம் ஓட்டியவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, வேறு கட்டடத்தில் பேப்பரை அடித்திருக்கிறார்கள்.

முதலில் பழைய கை அச்சு எப்படி நடந்தது என்று பார்த்துவிடலாம். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேர். ஒருவர் தோலுக்குள் கம்பளியோ குதிரை முடியோ அடைத்த மை உருண்டைகளை இரண்டு கையிலும் பிடித்து எழுத்துகள் மேல் தட்டித் தட்டி மை பூசுவார். (தோல் இறுகாமல் இருக்க அதை இரவெல்லாம் சிறுநீரில் ஊறவைப்பார்கள். அந்த அறையின் வாசனையை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்!) இன்னொருவர் தாளை வைத்து, மூடி, பலகையை உள்ளே தள்ளி, இரும்புக் கம்பியைப் பிடித்து உடம்பின் முழுப் பலத்தோடு இழுப்பார். வெளியே எடு, பிரி, அடுத்த தாள். ஒரு மணிக்கு 250 தாள், அதுவும் ஒரு பக்கம் மட்டும். நாள் முழுக்க ஒரே பக்கமாக இழுப்பதால் வலது தோள் தனியாகப் புடைத்துவிடுமாம், நடையே கோணலாகிவிடுமாம். பிரான்சில் இவர்களுக்குக் 'கரடி' என்றும், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்களுக்குக் 'குரங்கு' என்றும் பட்டப்பெயர்.

அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளைஞராக 1725 வாக்கில் லண்டனில் இந்த வேலை செய்திருக்கிறார். தன் கூட்டாளி ஒரு நாளைக்கு ஆறு பைண்ட் பீர் குடித்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, மதியத்துக்கு முன் ஒன்று என்று போகிறது அந்தக் கணக்கு! கனமான வேலைக்குப் பீர்தான் பலம் என்பது அவர்கள் நம்பிக்கை. சனிக்கிழமைக் கூலியில் நாலைந்து ஷில்லிங் அதற்கே போய்விடும். தண்ணீர் மட்டும் குடித்த ஃபிராங்க்ளினுக்குத் 'தண்ணீர் அமெரிக்கன்' என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒன்று தூக்குகிற எழுத்துப் பாரத்தை அவர் கைக்கு ஒன்றாகத் தூக்கி மாடிப்படி ஏறினார் என்பது வேறு விஷயம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பேப்பர் 5,000 பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 10,000 இழுப்பு. ஓர் இயந்திரத்தில் 40 மணி நேரம் ஆகும்! ஆகவே பல இயந்திரங்கள், பல ஜோடி ஆட்கள், அவற்றுக்கு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கோக்கிற கம்பாசிட்டர்கள். இவ்வளவும் செலவு. பத்திரிகை விற்க விற்க முதலாளிக்குத் தலைவலியும் கூடியது.

ஃபிரீட்ரிக் கோனிக் என்ற ஜெர்மானியர் 1806-ல் லண்டன் வந்தார். ஆண்ட்ரியாஸ் பவர் என்பவரோடு சேர்ந்து நீராவியில் ஓடும் அச்சு இயந்திரத்தை உருவாக்கினார். உருளை தாளை அழுத்தும், மையை உருளைகளே பூசும். மணிக்கு 1,100 தாள். மேலே சொன்ன 40 மணி நேரம் ஏறக்குறைய 9 மணி நேரமாகிவிடும். தோள்பலம் தேவையில்லை. தாளை வைக்கவும் எடுக்கவும் சிறுவர்களே போதும்.

டைம்ஸ் முதலாளி இரண்டாம் ஜான் வால்டர் இதைப் பக்கத்துக் கட்டடத்தில் ரகசியமாக நிறுத்தினார். ரகசியத்துக்குக் காரணம் இருந்தது. 1811 முதல் லுட்டைட்டுகள் பின்னல் இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்தால் மரண தண்டனை என்று 1812-ல் சட்டமே வந்திருந்தது. 1814 நவம்பர் 28 இரவு, வெளிநாட்டுச் செய்தி வரவேண்டும், காத்திருங்கள் என்று தொழிலாளர்களிடம் சொன்னார்களாம். விடிகாலை ஆறு மணிக்கு வால்டர் உள்ளே வந்து, டைம்ஸ் நீராவியில் அச்சாகி முடிந்துவிட்டது என்றாராம். கலாட்டா செய்தால் அடக்க ஆட்கள் தயார். அமைதியாக இருந்தால் இதே மாதிரி வேறு வேலை கிடைக்கிற வரை கூலி தொடரும். கையில் கம்பியைப் பிடித்துக் காத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? தொழிற்சங்கமே சட்ட விரோதமாக இருந்த காலம் அது (1824 வரை அப்படித்தான்).

அதன் பிறகு இயந்திரங்கள் வேகமாகிக்கொண்டே போயின. 1860-களில் தாள் தாளாக இல்லாமல் ரீலிலேயே அடிக்கும் ரோட்டரியை டைம்ஸே உருவாக்கியது. விசித்திரம் என்னவென்றால், வேகம் கூடக் கூட அச்சகத்தில் ஆட்களும் கூடினார்கள், ஏனென்றால் பேப்பர் மலிவாகி விற்பனை பெருகியது. மிஷின்மேன்களுக்குச் சங்கம் வந்தது. ஓர் அச்சகத்தின் சங்கக் கிளைக்குப் பெயர் 'தேவாலயம்', தலைவருக்குத் 'தந்தை'! வேலைக்கு யாரை எடுப்பது என்பதில் சங்கத்தின் கை ஓங்கியது. தினக்கூலியில் மிக்கி மவுஸ் என்று பொய்ப்பெயரில் கையெழுத்திட்டு வரி கட்டாமல் போனவர்களும் உண்டு. இதையும் சொல்லாவிட்டால் கதை ஒருதலைப்பட்சமாகிவிடும். புதுத் தொழில்நுட்பத் தகராறில் 1978 டிசம்பர் முதல் 1979 நவம்பர் வரை டைம்ஸ் வெளியாகவே இல்லை.

1981-ல் ரூபர்ட் மர்டாக் பத்திரிகையை வாங்கினார். லண்டன் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் ஒரு புது அச்சகம். புதிதாக ஒரு மாலைப் பத்திரிகை வரப்போகிறது, அதற்குத்தான் என்றார்கள். உள்ளே ரகசியமாகக் கணினிகள் வந்து சேர்ந்தன. மின்பணியாளர் சங்கம் வழியாக வேறு ஆட்கள் பழக்கப்பட்டார்கள். 1986 ஜனவரி 24-ல் அச்சுச் சங்கங்கள் வேலைநிறுத்தம் தொடங்கின. உடனே ஏறக்குறைய 5,500 பேர் நீக்கப்பட்டார்கள். பேப்பர் வாப்பிங்கில் அச்சாகி லாரியில் போனது.

1814-ல் கம்பாசிட்டர்களின் தொழில் நிலைத்தது, கரடிகள் போனார்கள். 1986-ல் பெரிய மாற்றம் எழுத்துக் கோப்பதில்தான். நிருபரே கணினியில் அடித்துவிடலாம், கம்பாசிட்டரே வேண்டாம். அச்சடிக்க எப்படியும் ஆள் தேவை. ஆனாலும் பழைய மிஷின்மேன்களும் சேர்ந்தே வெளியே போனார்கள், ஏனென்றால் அதே வேலையைக் குறைந்த ஆட்களை வைத்து நடத்த முதலாளி முடிவு செய்திருந்தார்.

என்னை மிகவும் உறுத்தியது ஒரு கடிதம். 1985 டிசம்பரில் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் எழுதியது, பிறகு வெளியே கசிந்தது. ஆட்களை நீக்க மிக மலிவான வழி, அவர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போதே நீக்குவது என்பது அதன் சாரம். அப்போது ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி தரவேண்டியதில்லை. எங்கள் பாடப்புத்தக மொழியில் சொன்னால், செலவைக் குறைத்தல். சங்கமே இல்லாத 1814-ல் வால்டர் கூலியைத் தொடர்வதாகச் சொன்னார். சங்கமும் சட்டமும் இருந்த 1986-ல் கிடைத்தது நீக்கக் கடிதம். வால்டர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு லுட்டைட்டுகளின் சம்மட்டி ஞாபகத்தில் இருந்தது. மர்டாக்குக்கு முள்வேலியும் போலீசும் இருந்தன.

ஒரு வருடம் வாசலில் மறியல் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1987 பிப்ரவரியில் சங்கங்கள் போராட்டத்தைக் கைவிட்டன. ஓரளவு ஈட்டுத்தொகை கிடைத்தது, வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கோனிக்கும் பவரும் லண்டன் பங்காளியோடு ஒத்துவராமல் ஜெர்மனி திரும்பி, 1817-ல் வூர்ட்ஸ்பர்க் அருகே ஒரு பழைய மடாலயத்தில் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த நிறுவனம் இன்றும் அச்சு இயந்திரம் செய்கிறது, ரூபாய் நோட்டு மாதிரி பணம் அடிக்கும் இயந்திரங்கள் உட்பட. வாப்பிங் அச்சகமோ 2008-ல் நின்றது. வேலை பிராக்ஸ்போர்ன் என்ற ஊரில் இன்னும் வேகமான இயந்திரங்களுக்குப் போனது. முள்வேலி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்.