மட்கார்டை வெட்டிய கதை

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தாண்டிச் சற்று தூரம் போனால் தாவரவியல் பூங்கா வரும். அதன் வாசலருகே தொடங்கிக் கொடிமலைக்கு ஏறும் ஒடுங்கிய சாலைக்கு இன்றும் 'ஜீப் டிராக்' என்றுதான் பெயர். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம். நடந்து ஏறுபவர்களுக்கு மூட்டு கழன்றுவிடும். சாதாரணக் கார்களுக்கு அங்கே வேலையில்லை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிதான் அதில் ஏற வேண்டும்.

1945-ல் பிரிட்டிஷ் படை மலாயாவுக்குத் திரும்பியபோது ஜீப்பும் கூடவே வந்தது. 1941-ல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் செய்யத் தொடங்கிய அந்த ராணுவ ஜீப்பின் முன் மட்கார்டு, பலகை போலத் தட்டையானது. சிப்பாய்கள் அதன் மேல் உட்கார்ந்தார்கள், சாப்பாட்டுத் தட்டை வைத்தார்கள். டயருக்கும் தகட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. அழகு பார்த்துச் செய்த வண்டி அல்ல அது.

1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரும் அப்படித்தான். போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புக்குப் பஞ்சம். அதனால் உடல் தகடு அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. முன் மட்கார்டைப் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அதே 1948-ல்தான். பிறகு வந்த ஆண்டுகளில் லேண்ட் ரோவர் நம் தோட்டப்புறங்களுக்கும் கேமரன் மலைக்கும் பழகிப் போனது. நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம், இடித்தால் வெட்டலாம் என்ற துணிச்சல் பட்டறைக்காரர்களுக்கு இந்த வண்டிகளால்தான் வந்தது என்று சொல்லலாம்.

ஏன் வெட்டுகிறார்கள்?

பலரும் நினைப்பதுபோல இது பகட்டு மட்டும் அல்ல. காட்டுப் பாதையில் முதலில் பாறையில் மோதுவது, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் மேலே போகும். அந்தக் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வழக்கமான வழி பெரிய டயர். 29 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால் விட்டம் 4 அங்குலம் கூடும். குண்டு தரையிலிருந்து அதில் பாதி, அதாவது 2 அங்குலம், உயரும். சேற்றில் அந்த இரண்டு அங்குலம் பெரிய விஷயம்.

ஆனால் டயர் பெரிதானால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும், சக்கரம் குழியிலிருந்து மேலெழும்போதும் தகட்டின் விளிம்பில் உரசும். விளிம்பு டயரைக் கிழிக்கும். இன்னும் உயர்த்தலாமே என்று கேட்கலாம். உயர்த்த உயர்த்த வண்டியின் எடை மேலே போகிறது. சரிவில் பக்கவாட்டில் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். ஆகவே உயரத்தைக் குறைவாக வைத்து மட்கார்டை வெட்டுவதே புத்திசாலித்தனம் என்று முடிவு கட்டினார்கள். ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் 38, 44 அங்குல டயர்களுக்காகச் சக்கர வளைவை அகலமாக வெட்டி எடுத்தே வண்டிகளைப் பனியில் ஓட்டுகிறது. பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சி 2007-ல் காந்த வடதுருவப் பயணத்தைக் காட்டியபோது ஓடியதும் அந்த நிறுவனம் மாற்றியமைத்த டொயோட்டா ஹைலக்ஸ்தான்.

இந்தப் பழக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்த வண்டி ஃபோர்ட் பிராங்கோ. 1966 மாடலாக வந்த அதன் பின் தகடு சக்கரத்தின் மேல் தாழ்ந்து இறங்கும். பார்க்க லட்சணம், ஆனால் 30 அங்குல டயரைத் தாண்டினால் இடிக்கும். கலிஃபோர்னியாவில் பில் ஸ்ட்ரோப் என்பவர் பந்தயத்துக்காக அந்தத் தகட்டை வெட்டி அகன்ற விளிம்பு பொருத்தினார். பார்னெல்லி ஜோன்ஸ் 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பாஹா 1000 பந்தயத்தை அவர் தயாரித்த பிராங்கோவில் வென்றார். அதன் பிறகு ஊருக்கு ஊர் வெட்டத் தொடங்கினார்கள்.

சேறும் சட்டமும்

நம் நாட்டில் இந்த வேகம் பிடித்தது 1997-க்குப் பிறகு. லூயிஸ் வீ தொடங்கிய ரெயின்ஃபாரெஸ்ட் சேலஞ்ச் போட்டி, வேண்டுமென்றே ஆண்டு இறுதியின் பருவமழையில் நடத்தப்பட்டது. ஆற்றைக் கடந்து சேற்றில் புதைந்து வெளிவரும் வண்டிகளில் பாதி மட்கார்டு இல்லாமல் நிற்கும் காட்சி இளைஞர்களை ஈர்த்தது. காட்டில் அது சரி. மறுநாள் அதே வண்டி சாலையில் ஓடும்போதுதான் தகராறு. தகட்டுக்கு வெளியே பிதுங்கும் டயர், கல்லையும் தண்ணீரையும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் முகத்தில் அடிக்கும். 30 அங்குலத்திலிருந்து 33-க்குப் போனால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 110-ல் ஓடும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இலாகாவின் அனுமதி இல்லாமல் இப்படி மாற்ற முடியாது. இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோது, சாலை துண்டிக்கப்பட்ட கம்பங்களுக்கு அரிசியும் குடிநீரும் ஏற்றிப் போனவர்களில் நான்கு சக்கர இயக்க வண்டிக் குழுக்களின் தொண்டர்களும் இருந்தார்கள். ரோந்துக்காரர்கள் மறித்து நிறுத்தும் அதே உயரமான வண்டிகளை அன்று ஜனங்கள் கைகாட்டி அழைத்தார்கள். சட்டம் தவறு என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் காட்டு வண்டியை வெறும் ரவுடி வண்டியாகப் பார்ப்பது அநியாயம்.

வெட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. முன் மட்கார்டு பெரும்பாலும் போல்ட்டில் நிற்பது. கெட்டால் வேறு வாங்கலாம். பின் தகடோ உடலோடு சேர்ந்தது. வெளித்தகடும் உள்தகடும் விளிம்பில் பற்றவைக்கப்பட்டிருக்கும். கிரைண்டர் அந்த இணைப்பைத் தாண்டினால் இரண்டும் வாய் பிளக்கும். மறுபடி வெல்டிங் செய்து, சீலர் தடவி, சாயம் அடிக்க வேண்டும். பினாங்கு போன்ற கடலோர ஊரில் இதைத் தள்ளிப்போட்டால் உப்புக்காற்று சும்மா விடாது. சேறும் ஈரமும் உள்ளே புகுந்து துரு பிடிக்கும். வெளியே தெரியும்போது தகடு உள்ளே சல்லடையாகியிருக்கும்.

2021-ல் தொழிற்சாலைகளே இறங்கி வந்தன. புதிய பிராங்கோ 35 அங்குல டயரோடு கிடைத்தது. முன் மட்கார்டை எளிதில் கழற்றி மாட்டும் விதத்தில் வடிவமைத்தார்கள். அதே ஆண்டு ஜீப் ரேங்லரும் விளிம்பை உயர்த்தி 35 அங்குலத்துக்கு இடம் கொடுத்தது. கிரைண்டருக்கு அங்கே வேலை குறைந்தது.

பழைய பிராங்கோவின் நிலைமைதான் வேடிக்கை. அமெரிக்கச் சந்தையில் இன்று வெட்டுப்படாத பின் தகடு உள்ள வண்டிக்குத் தனி மதிப்பு. விற்பவர்கள் விளம்பரத்திலேயே 'வெட்டாதது' என்று போடுகிறார்கள். வெட்டியவர்கள் விட்ட இடத்தை மூடுவதற்கென்றே புதிய தகடு அச்சிட்டு விற்கப்படுகிறது. அதை வாங்கி, நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ வெட்டிய அதே கோட்டில் வைத்துப் பற்றவைக்கிறார்கள்.