சமர்கந்திலிருந்து போன குர்ஆன்

கெட்டியான தோல் ஏடுகள். நீளம், அகலம் இரண்டுமே அரை மீட்டருக்கு மேல். பக்கத்துக்குப் பன்னிரண்டே வரிகள். கூஃபி எழுத்து, புள்ளியும் கிடையாது, உயிர்க்குறியும் கிடையாது. குர்ஆனை நன்றாக ஓதத் தெரிந்தவர்கூட மனப்பாடத்தின் துணை இல்லாமல் இதை ஓதுவது கடினம். அல் பகரா அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு வசனத்தின் நடுவே ஆரம்பித்து, 43-ஆம் அத்தியாயத்தில் அறுந்து நிற்கிறது. இடையிலும் ஏடுகள் இல்லை. மொத்தக் குர்ஆனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

தாஷ்கண்டில் இருக்கும் இந்தப் பிரதியை உஸ்மான் குர்ஆன் என்கிறார்கள். மூன்றாம் கலீஃபா உஸ்மான் 656-இல் கொல்லப்பட்டபோது ஓதிக்கொண்டிருந்தது இதைத்தான், ஏட்டில் தெரியும் கறை அவருடைய ரத்தம் என்பது நம்பிக்கை. எழுத்தின் அமைப்பை ஆராய்ந்தவர்களில் பலர் 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், ரஷ்யா என்றொரு நாடு உருவாவதற்கு முந்தைய நூல் இது.

தைமூர் தன் படையெடுப்பில் கொண்டுவந்தார் என்று ஒரு கதை. சூஃபி ஞானி கோஜா அஹ்ராரின் சீடர் ஒருவர் ஹஜ் போய்த் திரும்பும் வழியில் பரிசாகப் பெற்றார் என்று இன்னொரு கதை. சமர்கந்தில் கோஜா அஹ்ராரின் பெயர் தாங்கிய பள்ளிவாசலில் அது இருந்தது என்பது உறுதி. பாமர மக்கள் அதைத் தொட்டு முத்தமிட வந்தார்கள்.

1868 மே மாதம் ரஷ்யப் படை சமர்கந்துக்குள் நுழைந்தது. படையை நடத்தியவர் துருக்கிஸ்தானின் முதல் தலைமை ஆளுநர் கான்ஸ்டன்டின் வான் காஃப்மன். அவர் புகாரா அமீரைத் துரத்திக்கொண்டு மேற்கே போன சமயம், ஊர் மக்கள் எழுந்தார்கள். கோட்டைக்குள் விட்டுச்சென்ற சிறு படை ஒரு வாரம் முற்றுகையில் சிக்கியது. காஃப்மன் திரும்பி வந்து கடைவீதியைக் கொளுத்த உத்தரவிட்டார். செரஃப்ஷான் ஆற்றின் மேல்பகுதி ரஷ்யர் கைக்குப் போனது. கீழே இருக்கும் புகாராவுக்குத் தண்ணீர் வருவது அந்த ஆற்றில்தான் என்பதால், அமீர் அதன்பின் நிமிரவே முடியவில்லை.

அடுத்த ஆண்டு, 1869-இல், குர்ஆன் போனது. செரஃப்ஷான் வட்டாரத்தின் தலைவர் ஜெனரல் அப்ரமோவ் பள்ளிவாசல்காரர்களிடமிருந்து அதை வாங்கி காஃப்மனுக்கு அனுப்பினார். காஃப்மன் பீட்டர்ஸ்பர்க்கின் பேரரசுப் பொது நூலகத்துக்குக் கொடுக்கச் செய்தார். கொடுத்த தொகை நூறு ரூபிள் அளவு. உள்ளூர்க்காரர்களுக்கு அந்த நூலால் இப்போது பயனில்லை, அதை ஓத ஆளில்லை, மனமுவந்து கொடுத்தார்கள் என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள்.

இந்த விற்பனையை நான் விற்பனையாகவே எண்ணவில்லை. முந்தைய கோடையில் கடைவீதி எரிந்த ஊர் அது. வாங்க வந்தவர் கைக்குள் படை இருந்தது. அந்நிலையில் ஒரு பள்ளிவாசலின் பொறுப்பாளர் "தரமாட்டேன்" என்று சொல்லியிருக்க முடியுமா? காஃப்மன் இஸ்லாத்தில் தலையிடாத ஆளுநர் என்று பெயர் வாங்கியவர். ஆர்த்தடாக்ஸ் மிஷனரிகளைக்கூடத் துருக்கிஸ்தானுக்குள் விடவில்லை. மதத்தை விட்டுவைத்தவர் நூலை விட்டுவைக்கவில்லை.

பீட்டர்ஸ்பர்க்கில் அது ஆய்வுப் பொருளானது. ஷெபுனின் என்ற கீழைத்தேய அறிஞர் ஏடு ஏடாகப் பார்த்து 1891-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். அவர் உழைப்பை மதிக்கிறேன். நூலைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் தொடங்கி வைத்தது. பிறகு பிசாரெவ் என்பவர் 1905-இல் உள்ளது உள்ளபடியே அச்சடித்து 50 பிரதிகள் கொண்டுவந்தார். அச்சில் தெளிவாக விழ வேண்டும் என்று மங்கிய எழுத்துகளின் மேல் புது மை ஓட்டினார் என்றும், அதில் சில இடங்களில் பிழை நேர்ந்தது என்றும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆயிரம் ஆண்டு கடந்த எழுத்தின்மீது இருபதாம் நூற்றாண்டு மை.

1917 டிசம்பரில் நிலைமை தலைகீழானது. பெத்ரோகிராத் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கின் முஸ்லிம் மாநாடு குர்ஆனைத் திருப்பிக் கேட்டது. புரட்சி அரசின் தலைவர் லெனின் உடனே ஒப்புக்கொண்டார். ஜார் பறித்ததைப் புரட்சி திருப்பித் தருகிறது என்ற செய்தி கிழக்கெங்கும் பரவியது. இரண்டே மாதம். 1918 பிப்ரவரியில், கோகந்தில் துருக்கிஸ்தான் முஸ்லிம்கள் அமைத்திருந்த தன்னாட்சி அரசைத் தாஷ்கண்டிலிருந்து வந்த செம்படையினர் நொறுக்கினார்கள். நகரம் எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். நூலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நூலும் நேரே ஊருக்கு வரவில்லை. முதலில் வோல்காவுக்குக் கிழக்கே ஊஃபா நகரத்தின் முஸ்லிம் சமய நிர்வாகத்துக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் தாத்தார்களும் பாஷ்கீர்களும். ஜார்களுக்குக் கீழே முந்நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்து பழகிய அவர்களுக்கும் இந்த நூல் பெரும் பேறுதான். துருக்கிஸ்தான்காரர்கள் விடாமல் கேட்க, 1923-இல் அறிஞர் ரிஸாயெத்தீன் ஃபக்ருத்தீன் தலைமையில் ஒரு குழு அதை ரயிலில் தாஷ்கண்டுக்குக் கொண்டுவந்தது. நூல் கோஜா அஹ்ரார் பள்ளிவாசலையும் மறுபடி பார்த்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் ஆட்சியில் வக்ஃப் சொத்துகள் பறிபோயின, மதரஸாக்கள் மூடப்பட்டன, பள்ளிவாசல்கள் கிடங்குகளாயின. 1941-இல் குர்ஆன் தாஷ்கண்டின் வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் போனது. ஓதப்பட வேண்டிய நூலை அரை நூற்றாண்டு காலம் பார்வையாளர்கள் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்த்தார்கள்.

1989 பிப்ரவரியில் தாஷ்கண்ட் முஸ்லிம்கள் தெருவில் இறங்கி, அரசுக்கு இணங்கிப் போகிறார் என்று கருதிய முஃப்தியைப் பதவி விலகச் செய்தார்கள். அடுத்த மாதம் கூடிய மாநாட்டில் முஹம்மத் ஸாதிக் புதிய முஃப்தியானார்; குர்ஆனும் தாஷ்கண்டின் முஸ்லிம் சமய நிர்வாகத்தின் கைக்கு வந்தது. இந்த நூலின் வரலாற்றில், மக்கள் திரண்ட பிறகு கிடைத்த திரும்புதல் இது ஒன்றுதான். அதனால் இதையே மெய்யான திரும்புதலாகக் கொள்கிறேன். பழைய தாஷ்கண்டின் ஹஸ்ரத் இமாம் வளாகத்தில் அதற்கென்று இடம் ஒதுக்கினார்கள். 1997-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, அதற்குரிய நாடாக உஸ்பெகிஸ்தான் பெயர் பதிவாயிற்று.

இந்த நூலோடு சேர்ந்தவை என்று கருதப்படும் சில ஏடுகள் 1990-களில் லண்டன் ஏலங்களில் விலைபோயின. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருக்கின்றன. உஸ்பெகிஸ்தான் அரசு அவற்றையும் கேட்க வேண்டும்.