கம்மலைக் கழற்றிக் கொடுத்த பெண்

நவராத்திரி வேலைக்குக் கோயிலில் கூடியிருந்தப்போ ஒரு தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, நம்ம பொம்பளைங்க யாராச்சும் துப்பாக்கி புடிச்சிருக்காங்களா?" புடிச்சிருக்காங்கம்மா. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாப் படிங்க.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஜான்சி ராணி படை உருவானது. தலைமை, டாக்டர் லட்சுமி. அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தார்கள்.

கோலாலம்பூரில் நேதாஜி பேச்சைக் கேட்கப் போனவர்களில் ஒருவர் ஜானகி தேவர். வயது 18. வசதியான வீட்டுப் பிள்ளை. போட்டிருந்த கம்மலை அங்கேயே கழற்றிப் போராட்ட நிதிக்குக் கொடுத்துவிட்டார். படையில் சேர அப்பா சம்மதிக்கவில்லை. ஜானகி விடவில்லை, கடைசியில் அப்பா இறங்கி வந்தார். முகாமில் முதல் நாள் சாப்பாட்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டதாம்.

ஆனால் படையில் சேர்ந்த பலர் தோட்டத்துப் பெண்கள். பால் வெட்டிய கை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய, இந்தியாவையே பார்க்காதவர்களும் நிறைய. அது ஜப்பான்காரன் காலம். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு; ஆம்பளைகளைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் இவர்களுக்குச் சீருடை, துப்பாக்கி, இந்துஸ்தானியில் கட்டளை. பேராவிலிருந்து சிங்கப்பூருக்கு ரயிலில் போனவர்கள் நம்ம தஞ்சோங் மாலிம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்கணும்.

ஜானகி பர்மா போனார், படையில் பொறுப்பான அதிகாரியாக உயர்ந்தார். போர்முனைக்குப் போகும் வாய்ப்பு வரவில்லை. காயம்பட்டு வந்த வீரர்களைப் பராமரிக்கும் வேலைதான் வந்தது. 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பாங்காக் நோக்கிப் பின்வாங்கினார்கள். பகலில் மேலே விமானம், அதனால் பயணம் இரவில். லாரி போகாத இடத்தில் நடை. நேதாஜியும் அந்தப் பெண்களோடு சேர்ந்தே நடந்தார்.

போர் முடிந்தும் ஜானகி ஓயவில்லை. 1946-இல் ம.இ.கா. தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மேலவை உறுப்பினரானார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014 மே 9-இல் காலமானார்.

அவர் கதை பத்திரிகையில் வந்தது, பேட்டியில் வந்தது. கூடவே நடந்த தோட்டத்துப் பெண்கள்? திரும்பி வந்து மறுபடியும் வாளி தூக்கினார்கள், கல்யாணம் கட்டினார்கள், பாட்டி ஆனார்கள். படையில் எத்தனை பேர் என்பதற்கே ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டில் 'பாட்டி பட்டாளத்துல இருந்துச்சு' என்று யாராவது சொல்லியிருந்தால், சிரித்துவிட்டுப் போகாதீங்க. பெயர், தோட்டம், பழைய படம், எது இருந்தாலும் கோயிலுக்குக் கொண்டுவாங்க. இந்த ஒன்பது நாளும் கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைப்போம். கையில் ஆயுதத்தோடு நிற்கும் அம்மனைத்தானே கும்பிடுகிறோம்? நம்ம பாட்டிங்களுக்கும் அங்கே ஒரு இடம் இருக்கட்டும்.