கடல் இல்லாத ஊரும் ஒரு கடலோடியின் பட்டமும்

வாஸ்கோ ட காமா பேரைச் சொன்னாலே நமக்கு ஒரு வருஷம்தான் ஞாபகம் வரும். 1498. கோழிக்கோட்டுக்குப் பக்கத்துல கப்பல் வந்து நின்னுச்சு, கடல்வழி கண்டுபிடிச்சாரு, ஒரு மார்க் கேள்வி, முடிஞ்சது. இன்னைக்கு எபிசோட்ல நான் பேசப்போறது 1519-ஐப் பத்தி. அந்த வருஷம் டிசம்பர் மாசம் போர்த்துகல்ல ஒரு பத்திரம் கையெழுத்தாகுது. வாஸ்கோ ட காமா 'விடிகெய்ரா கோந்தே' ஆகிறார். கோந்தேங்கிறது நம்ம இங்கிலீஷ்ல கேள்விப்படுற கவுண்ட். டியூக், மார்க்கிஸ் ரெண்டுக்கும் அடுத்த படி. அப்பாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன்னு போற பரம்பரைப் பட்டம்.

விடிகெய்ரா எங்க இருக்கு? தெற்குப் போர்த்துகல்ல, எவோராவுக்கும் பேஜாவுக்கும் நடுவுல. கோதுமை, ஆலிவ், திராட்சை விளையுற உள்நாட்டு ஊர். கடல் கிடையாது. உலகத்தோட மிகப் பிரபலமான கடலோடிக்கு எதுக்கு கடலே இல்லாத ஊரோட பட்டம்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, பரம்பரைப் பட்டம்னா உண்மையில என்னன்னு புரிஞ்சுடும்.

காமா ஆசைப்பட்ட ஊர் வேற. சினிஷ். அட்லான்டிக் கரையில இருக்குற சின்னத் துறைமுகம். அவர் பிறந்த ஊராச் சொல்லப்படுறது. அவங்க அப்பா எஸ்தேவாவ் ட காமா அங்க கோட்டை அதிகாரியா இருந்தவர். சம்பளத்துக்கு ஊரைப் பார்த்துக்கிட்டவரோட மகன், அதே ஊருக்குச் சொந்தக்காரனா ஆகணும்னு நினைக்கிறார். இந்தியாவுல இருந்து 1499-ல திரும்பினதும் மன்னர் மனுவேல் சினிஷைத் தர்றதா வாக்கு கொடுத்தார். அடுத்து 'டோம்' என்கிற மரியாதை அடைமொழி, இந்தியக் கடல்களின் அட்மிரல் என்ற பதவி, வருஷத்துக்கு 3,00,000 ரெய்ஸ் உதவித்தொகை. எல்லாம் வந்துச்சு. ஊர் மட்டும் வரல.

காரணம், சினிஷ் மன்னரோட கையில இல்ல. அது சாந்தியாகோ என்ற ராணுவத் துறவிகள் அமைப்போட சொத்து. அதன் தலைவர் டோம் ஜோர்ஜ், முந்தைய மன்னரோட மகன். முறைப்படி கல்யாணம் ஆகாம பிறந்தவர்ங்கிறதால அரியணை கிடைக்காம போனவர். மனுவேல் உட்கார்ந்திருக்கிற நாற்காலியே தனக்கு வந்திருக்கணும்னு நினைக்கக் காரணம் உள்ள ஆள். அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? காமா சும்மா இருக்கல. சினிஷ்ல வீடு கட்ட ஆரம்பிச்சார். டோம் ஜோர்ஜ் புகார் கொடுத்தார். 1507-ல மன்னரே காமாவுக்கு உத்தரவு அனுப்பினார்: கட்டுமானத்தை நிறுத்து, 30 நாளுக்குள்ள குடும்பத்தோட சினிஷை விட்டு வெளியேறு.

இந்தியாவுக்கு வழி கண்டுபிடிச்சவர், சொந்த ஊர்ல வீடு கட்ட முடியாம எவோராவுக்குக் குடி போறார். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல பெருசா ஒண்ணும் நடக்கல. இந்தியாவுக்கு வேற ஆட்கள் போறாங்க. அல்மெய்டாவும் அல்புகெர்க்கும் முன்னாடியே போயாச்சு, கோவாவைப் பிடிக்கிறாங்க, மலாக்காவைப் பிடிக்கிறாங்க. காமாவைக் கூப்பிட ஆளில்ல.

இங்கதான் அவர் ஒரு காய் நகர்த்துறார். 1518-ல, 'எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தல, நான் நாட்டை விட்டே போறேன்'னு மன்னர்கிட்ட அனுமதி கேக்குறார். அந்த நேரத்துல இது சாதாரண மிரட்டல் இல்ல. மகெல்லன் அப்பதான் மனுவேல்கிட்ட சலுகை கேட்டு, கிடைக்காம, எல்லையைத் தாண்டிப் போயி ஸ்பெயின் மன்னரோட ஒப்பந்தம் போட்டிருக்கார். அடுத்து காமாவும் போனா என்ன ஆகும்? மனுவேல் பதறிப்போயி எழுதுறார்: டிசம்பர் முடியிற வரைக்கும் பொறுங்க, உங்க முடிவைத் திரும்ப யோசிங்க.

அடுத்த வருஷம் தீர்வு கிடைச்சுது. பிரகான்சா டியூக் கிட்ட நிறைய ஊர் இருந்தது. அதுல விடிகெய்ரா, விலா டி ஃப்ராதிஷ் என்ற ரெண்டு ஊர்களை காமாவுக்கு விட்டுக்கொடுத்தார். இனாமா இல்ல. 4,000 க்ருசாடோ தங்கக் காசும், காமாவுக்கு அரசுகிட்ட இருந்து வந்துக்கிட்டிருந்த வருஷாந்தரத் தொகையில ஒரு பங்கும் டியூக்குக்குப் போச்சு. மன்னர் அதுக்கு மேல கோந்தே பட்டத்தை வெச்சு முத்திரை குத்தினார்.

அதாவது இந்தப் பட்டம், வீரத்துக்காகக் கழுத்துல போட்ட மெடல் மாதிரி வந்தது கிடையாது. இருபது வருஷம் பேரம் நடந்து, காசு கைமாறி முடிஞ்ச நில வியாபாரம் அது. ஊரோட வரியும் குத்தகையும் குடும்பத்துக்கு வரும். ஊர் அதிகாரிகளைக் குடும்பம் நியமிக்கும். நீதி விசாரணையும் குடும்பத்தோட கையில. விடிகெய்ராவுல கோதுமை விதைச்சவங்களுக்கு இந்தியா எங்க இருக்குன்னுகூடத் தெரிஞ்சிருக்காது. ஆனா இந்தியாவுக்கு ஒருத்தர் போயிட்டு வந்ததுக்கான கூலியை, தலைமுறை தலைமுறையா அவங்க கட்டினாங்க.

நிலத்துல வேலை செஞ்ச அதே கணக்கு கடல்லயும் வேலை செஞ்சது. 1524-ல காமா வைஸ்ராயா மூணாவது முறை இந்தியா வர்றார். கூட ரெண்டு மகன்களும் வந்தாங்க. வந்து சில மாசத்துல, டிசம்பர் 24 அன்னிக்கு கொச்சியில இறந்துபோறார். ஆனா பிள்ளைகளுக்கு வழி போட்டுட்டுத்தான் போனார். மலாக்கா கோட்டையின் கேப்டன் பதவி, அந்தக் காலத்துல பணம் கொட்டுற பதவி. அதுல அடுத்தடுத்து அவரோட நாலு மகன்கள் உட்கார்ந்தாங்க. பட்டம் மூத்தவருக்கு, பதவிகள் தம்பிகளுக்கு. அந்த நாலு பேர்ல ஒருத்தரான எஸ்தேவாவ், 1540-ல இந்தியாவுக்கே கவர்னர் ஆனார்.

அந்த மலாக்கா கேப்டன்கள்ல கடைசி ஆள் ஆல்வரோ. நம்ம தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் முத்துக்குளித்துறையில ஊழியம் செஞ்ச புனித பிரான்சிஸ் சவேரியார் தெரியும் இல்லையா? அவர் 1552-ல, ஒரு போர்த்துகீசியத் தூதுக்குழுவோட சீனாவுக்குப் போகத் திட்டம் போட்டார். தூதரா நியமிக்கப்பட்டிருந்த வணிகரைப் போக விடாம மலாக்காவுல மறிச்சது இந்த ஆல்வரோதான். சவேரியார் தூதுக்குழு இல்லாமலே கிளம்பினார். சீனக் கரைக்கு எதிர்ல இருக்குற ஒரு தீவுல, அந்த வருஷம் டிசம்பர்ல உயிரை விட்டார்.

இப்ப கொள்ளுப்பேரன் கதைக்கு வருவோம். நாலாவது விடிகெய்ரா கோந்தே, டோம் பிரான்சிஸ்கோ ட காமா. 1597-ல கோவாவுக்கு வைஸ்ராயா வர்றார். கொள்ளுத்தாத்தா வந்து ஏறக்குறைய நூறு வருஷம். அந்த நூற்றாண்டைக் கொண்டாட கோவாவுல ஒரு வளைவு கட்டி, அதுல வாஸ்கோவோட சிலையை வெச்சார். ஓல்ட் கோவா போனா இன்னைக்கும் பார்க்கலாம், மாண்டோவி ஆத்தங்கரையில இருந்து ஊருக்குள்ள ஏறுற வழியில, வைஸ்ராய்கள் வளைவு.

கடற்படையையும் குடும்பத்துக்குள்ளயே வெச்சார். குஞ்ஞாலி மரைக்காரை எதிர்த்துப் போன படைக்குத் தலைவரா தம்பி லூயிஸ் ட காமாவை அனுப்பினார். 1599-ல நடந்த அந்தத் தாக்குதல் படுதோல்வி. போர்த்துகீசிய வீரர்கள் கூட்டமா செத்தாங்க. அடுத்த வருஷம் வேற தளபதி, சாமூதிரியோட படையும் சேர்ந்துதான் கோட்டை விழுந்தது. உயிருக்கு உத்தரவாதம்னு நம்பிச் சரணடைந்த குஞ்ஞாலியை கோவாவுக்குக் கொண்டுபோய் வெட்டிக் கொன்னாங்க.

கோவாவுல இருந்த போர்த்துகீசியர்களுக்கே இந்த வைஸ்ராய் மேல அவ்வளவு கோபம். அவர் பதவி முடிஞ்சு கிளம்புற சமயத்துல, ராத்திரியோட ராத்திரியா அந்த வாஸ்கோ சிலையை இழுத்துத் தள்ளி, உடைச்சு, துண்டுகளை ஊரைச் சுத்தி வெச்சுட்டாங்க. கொஞ்சம் யோசிங்க. வாஸ்கோ ட காமா சிலையை முதல்ல உடைச்சது நம்ம ஊர் ஆட்கள் இல்ல. போர்த்துகீசியர்கள்தான். கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லியே ஆளவந்தவருக்கு, அந்தப் பேர்லயே பதில் கொடுத்தாங்க. ஆனா அந்த மனுஷனுக்கு அதனால ஒரு குறையும் வரல. பட்டம் அப்படியே இருந்தது. 1622-ல இன்னொரு தடவை வைஸ்ராயாவே திரும்பி வந்தார்!

பரம்பரைப் பட்டத்தோட பலமே இதுதான். வெச்சிருக்கிற ஆள் கெட்டிக்காரரா, தோத்தவரா, ஊரே வெறுத்தவரா, அதெல்லாம் கணக்குலயே வராது. ஐந்தாவது கோந்தே வாஸ்கோ லூயிஸ் 1640-கள்ல பாரிஸ்ல தூதரா இருந்தார். 1646-ல குடும்பம் ஒரு படி மேல போய், 'நீசா மார்க்கிஸ்' ஆச்சு. அப்புறம் பட்டம் பெண் வாரிசுகள் வழியா வேற குடும்பங்களுக்குள்ள போச்சு. 1798-ல நெல்சனோட சேர்ந்து மால்டா முற்றுகையில போர்த்துகீசியக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கின நீசா மார்க்கிஸ், கல்யாணம் மூலமா இந்தப் பட்டத்துக்கு வந்தவர்.

இதையெல்லாம் அசைச்சது சட்டம். 1832-ல நிலப்பிரபுக்களோட பழைய வரி உரிமைகள் ஒழிஞ்சது. 1834-ல துறவு மடங்கள் மூடப்பட்டன. 1863-ல, சொத்தைப் பிரிக்காம மூத்த வாரிசுக்கே விடுற முறையும் போச்சு. 1910-ல போர்த்துகல் குடியரசு ஆனப்போ, பட்டங்களுக்கு இருந்த சட்ட மதிப்பும் முடிஞ்சது.

மடங்கள் மூடினதுல ஒரு விளைவு இருக்கு. கொச்சியில புதைச்ச வாஸ்கோவோட எலும்புகளை, சில வருஷம் கழிச்சு விடிகெய்ராவுக்குக் கொண்டுபோயி அங்க ஒரு கார்மெல் மடத்துல வெச்சிருந்தாங்க. குடும்பத்துல மத்தவங்களும் அங்கேயே. மடம் மூடினதும் கல்லறைகள் கவனிப்பாரில்லாம போச்சு. 1880-ல அரசாங்கம் பெரிய விழா எடுத்து, வாஸ்கோவோட எலும்புகள்னு லிஸ்பன் ஜெரோனிமோஸ் மடத்துக்குக் கொண்டுபோனாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, ஆளை மாத்தி எடுத்துட்டாங்கன்னு. 1898-ல, முதல் பயணத்தோட 400-ஆவது ஆண்டுல, திரும்பவும் போயி எடுத்துட்டு வந்தாங்க.

நாம 1498-ஐ மட்டும் படிச்சா, ஒரு தனிமனுஷனோட துணிச்சல்தான் தெரியும். 1502-ல மெக்காவுல இருந்து திரும்பின கப்பலை, உள்ளே இருந்த பெண்கள், குழந்தைகளோட அதே மனுஷன் எரிச்சதும் நம்ம பாடப் புத்தகத்துல அவ்வளவா இருக்காது. 1519-ஐச் சேர்த்துப் படிச்சா இன்னொண்ணும் தெரியுது. ரெண்டு பயணத்துக்கும் கூலி ஒரே பட்டம். அது ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 400 வருஷம் பலன் கொடுத்தது. யாராவது ஒரு பெரிய குடும்பப் பேரை மரியாதையோட சொல்லும்போது, அந்தப் பேருக்கு வருஷா வருஷம் யார் காசு கட்டினாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. விடிகெய்ராவுல கோதுமை விதைச்சவங்க பேர் எந்த வளைவுலயும் இல்ல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.