தோற்றவன் எழுப்பிய மதில்கள்

நாஞ்சில் நாட்டின் போர்த்தடங்களைக் காணப் புறப்படுபவர் குளச்சலிலிருந்து தொடங்குவதே முறை. 1741 ஆகஸ்டில் அக்கடற்கரையில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை வென்றது. அதன் நினைவாக ஒரு வெற்றித்தூண் அங்கே நிற்கிறது. ஆயினும் அவ்வெற்றி என்ன விளைத்தது என்பதை அறியத் தக்கலை அருகே புலியூர்க்குறிச்சிக்குத்தான் போகவேண்டும்.

அங்குள்ள உதயகிரிக் கோட்டையில், சிறைப்பட்ட எதிரியான டிலனாய் திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பியப் போர்முறையைப் பயிற்றுவித்தார். பீரங்கிகளும் அங்கே வார்க்கப்பட்டன. கடலோரத்து வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றது. 1777இல் மறைந்த அவரது கல்லறை உதயகிரிக்குள்ளேயே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

தோற்றவனை ஆசானாக்கிக்கொண்டது மன்னரின் கூர்மதி. ஆனால் டிலனாயிடமிருந்து கிறித்தவத்தை அறிந்து மதம் மாறிய அரண்மனை அலுவலர் தேவசகாயம் பிள்ளை, அதே மன்னரின் ஆட்சியில், 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். அந்நியத் தளபதியின் நம்பிக்கைக்கு அந்நாட்டில் இடமிருந்தது. அதையே ஏற்ற குடிமகனுக்கு இல்லை. கோட்டையின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

அம்மலைக்கு அருகில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய். 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் படை காத்துநின்ற அரணை உடைத்து ஆங்கிலேயர் அவ்வழியே நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தனர். கடல்வழி வந்தவரை வென்ற அரசு மலைவழி வந்தவரிடம் பணிந்தது.

குளச்சலோடு திரும்பிவிடுபவர் பாதி வரலாற்றையே பார்க்கிறார். வெற்றித்தூணுக்கும் கணவாய்க்கும் இடையே 68 ஆண்டுகள்தாம்.