சடங்குக்காகச் சிறை, சிறைக்குள் சடங்கு

கனடாவின் கூட்டரசுச் சிறைகளில் பூர்வகுடி மூத்தோர் இன்று அரசு ஊதியம் பெற்றுப் பணிபுரிகின்றனர். வில்லோக் கிளைகளை வளைத்துக் கட்டிய வியர்வைக் குடிலில், காய்ந்த கற்களின்மீது நீர் வார்த்து, எழும் ஆவிக்கிடையே கைதிகளை வழிபாட்டில் நடத்துகின்றனர். இம்மண்ணிலேயே ஒரு காலத்தில் தம் சடங்கைச் செய்தோர் கைதிகளாயினர் என்பதை மறந்து இக்காட்சியைப் புரிந்துகொள்ள இயலாது.

பசிபிக் கரையோர மக்களின் பொட்லாட்ச் என்னும் கொடைவிழாவை இந்தியர் சட்டம் 1885 முதல் தடைசெய்தது. 1895இல் வந்த திருத்தம் சமவெளி மக்களின் சடங்குகளையும் தடைக்குள் கொணர்ந்தது. 1921இல் வில்லேஜ் தீவில் நடந்த பொட்லாட்சில் பங்கேற்றோர் பலர் ஓக்கல்லா சிறைக்கு அனுப்பப்பட்டனர்; அவர்தம் முகமூடிகள் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. தடை நீங்கியது 1951இல். அதற்குள், 150,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாய்மொழியினின்று பிரித்த உறைவிடப் பள்ளிகள், பாட்டன் பேரனுக்குக் கற்பிக்கும் மரபை அறுத்துவிட்டிருந்தன.

1992ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம், பூர்வகுடி ஆன்மிகத்துக்கும் மூத்தோருக்கும் பிற சமயங்களுக்கும் சமயத் தலைவர்களுக்கும் உள்ள அதே தகுதியை வழங்கியது. கைதியின் பராமரிப்பைப் பூர்வகுடிச் சமூகமே ஏற்கவும் வழிவகுத்தது. 1995இல் சஸ்காச்சுவான் மாநிலத்தில், நெக்கனீட் மக்களின் நிலத்தில், பெண் கைதிகளுக்கான ஒக்கிமா ஓச்சி குணப்படுத்தும் இல்லம் திறக்கப்பட்டது. அப்போதும் கடைசி உறைவிடப் பள்ளி மூடப்படவில்லை.

இங்கு 'மூத்தோர்' என்பது வயதைக் குறிப்பதன்று. அறிவுக்காகச் சமூகம் அளிக்கும் தகுதி. ஊதியத்தை அரசு தரலாம், அத்தகுதியைத் தர இயலாது. பாட்டனிடம் கற்க வேண்டியதைப் பல கைதிகள் முதன்முறையாகச் சிறையிலேயே கற்கின்றனர். இழப்பின் ஆழம் இதில் விளங்கும்.

நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினரான பூர்வகுடியினர், கூட்டரசுச் சிறைவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். பெண் கைதிகளில் சுமார் பாதிப்பேர். சிறைக்குள் வந்தவரின் காயத்தை மூத்தோர் ஆற்றலாம். ஆனால் அவரைச் சிறைவாயில்வரை கொண்டுவந்த வறுமையும் பிரிவும் வெளியே அவ்வாறே நீடிக்கின்றன. அவற்றுக்கு வியர்வைக் குடிலை விடையாகக் காட்டுவது, குணப்படுத்தும் பொறுப்பையும் காயம்பட்டோரிடமே ஒப்படைப்பதாகும்.